ஐந்தைத் தட்டினால் ஐந்துதான் வருமா?

பேருந்தில் நடத்துநர் கையில் இருக்கும் பயணச்சீட்டுக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலால் இரண்டு மூன்று பொத்தான்களைத் தட்டுகிறார். சிறு திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. சீட்டு வெளியே வருகிறது. பெட்ரோல் பங்க்கில் எத்தனை ரூபாய்க்கு என்று ஊழியர் தட்டுவதும், ஏ.டி.எம். இயந்திரத்தில் நாம் இரகசிய எண்ணைத் தட்டுவதும் இதே வகை வேலைதான். பொத்தான்கள் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம், நடுவே மூளையாக ஒரு சில்லு.

நாமே இப்படி ஒரு கருவியைச் செய்தால் என்ன? 5 என்ற பொத்தானைத் தட்டினால் திரையில் 5 வரவேண்டும். இவ்வளவுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதன்முதலாகச் செய்து பார்த்தபோது 5-ஐ ஒரே ஒரு தடவை அழுத்தினேன்; கண் இமைக்கும் முன் திரை முழுவதும் ஐந்துகளாக நிரம்பிவிட்டது. அதைத் திருத்தினேன். பிறகு சில தடவை 5 வந்தது. சில தடவை 55 வந்தது. அதையும் திருத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை மின்சாரம் கொடுத்தால் எழுத்தே இல்லை! மேல்வரியில் பதினாறு கறுப்புக் கட்டங்கள் மட்டும் வரிசையாக நின்றன.

மூன்று கோளாறுகள், மூன்று வெவ்வேறு காரணங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போனால் இந்தக் கருவியின் உட்பொருள் முழுவதும் நமக்குப் புரிந்துவிடும். வாருங்கள், போவோம்.

சில்லும் விசைகளும்

நடுவே இருக்கும் சில்லுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளி உலகோடு பேசுவதற்கான கால்கள் ஆகிய எல்லாமே ஒரே சில்லுக்குள் அடங்கிய சிறு கணிப்பொறி அது. இன்டெல் நிறுவனம் 1976-இல் 8048 என்ற சில்லையும், 1980-இல் 8051 என்ற சில்லையும் வெளியிட்டது. 8051-இல் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட்டுகள்தான். இந்தக் கட்டுரையின் ஒரு பத்திகூட அதற்குள் அடங்காது! ஆயினும் அதை வைத்துக்கொண்டு எத்தனையோ இயந்திரங்களை இயக்கினார்கள். இன்று மாணவர்கள் பலரும் வாங்கிப் பழகுவது ஆர்டுயினோ யூனோ என்னும் அட்டை. இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோ குடும்பத்தைச் சேர்ந்தது இது. இதிலுள்ள சில்லில் புரோகிராமை வைக்க 32 கிலோபைட்டும், தற்காலிக வேலைகளுக்கு 2 கிலோபைட்டும் உண்டு. விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் அது ஓடுகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது விசைப்பலகையைக் கவனிப்போம். நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு விசைகள், ஆக 16 விசைகள் கொண்ட சிறு பலகை கடைகளில் கிடைக்கிறது. ஒரு விசைக்கு ஒரு கம்பி என்று கணக்கிட்டால் 16 கம்பிகளும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றும் வேண்டும். ஆனால் பலகையிலிருந்து வெளியே வருபவை எட்டே கம்பிகள்! இது எப்படி?

உங்கள் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்று படித்திருப்பீர்கள். (கணிப்பொறிப் புத்தகத்தில் புரோகிராமுக்கும் நிரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குழப்பம் வேண்டாம், இந்தக் கட்டுரையில் நிரல் என்றால் மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசை மட்டுமே.) விசைப்பலகையும் ஓர் அணிதான். நான்கு நிரைக் கம்பிகள் குறுக்காகவும், நான்கு நிரல் கம்பிகள் நெடுக்காகவும் ஓடுகின்றன. ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு விசை. அதை அழுத்தினால் அந்த நிரையும் அந்த நிரலும் தொட்டுக்கொள்கின்றன.

நிரல் கம்பிகள் நான்கையும் சில்லு உள்ளேயுள்ள மின்தடைகள் வழியாக 5 வோல்ட்டில் உயர்த்தி வைத்திருக்கிறது. முதல் நிரையை மட்டும் 0 வோல்ட்டுக்கு இறக்குகிறது. பிறகு நிரல்களைப் பார்க்கிறது. எந்த நிரலாவது 0 ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் முதல் நிரையும் அந்த நிரலும் சந்திக்கும் விசை அழுத்தப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் முதல் நிரையை விட்டுவிட்டு இரண்டாவதை இறக்குகிறது. இப்படியே நான்கும். திண்ணையில் உட்கார்ந்து மூன்றாம் தெரு, இரண்டாம் வீடு என்று விலாசம் கேட்பது போலத்தான். விடப்பட்ட நிரைகளை 5 வோல்ட்டுக்கு உயர்த்தாமல், எதனோடும் சேராமல் மிதக்கவிட வேண்டும். உயர்த்தி வைத்தால், ஒரே நிரலில் இரண்டு விசைகளை யாராவது சேர்த்து அழுத்தும்போது 5 வோல்ட்டும் 0 வோல்ட்டும் நேருக்கு நேர் மோதி, சில்லின் கால் பழுதாகலாம்.

நிரை எண் × 4 + நிரல் எண் என்று கணக்கிட்டால் 0 முதல் 15 வரை ஓர் எண் கிடைக்கும் (நிரை, நிரல் இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள்). 5 என்ற விசை நிரை 1, நிரல் 1-இல் உள்ளது. 1 × 4 + 1 = 5. அடடே, பொருந்திவிட்டதே என்று மகிழாதீர்கள், அது தற்செயல். 7 என்ற விசைக்கு 8 வரும். ஆகவே புரோகிராமுக்குள் பதினாறு எழுத்துகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து, எத்தனையாவது விசைக்கு எந்த எழுத்து என்று அதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் ஒரு வேடிக்கையான குறையும் உண்டு. 1, 2, 4 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். தொடாத 5-உம் அழுத்தப்பட்டதாகச் சில்லு சொல்லும்! இரண்டாம் நிரை இறக்கப்படும்போது, மின்சாரம் 4 வழியாக முதல் நிரலுக்கும், 1 வழியாக முதல் நிரைக்கும், 2 வழியாக இரண்டாம் நிரலுக்கும் சுற்றிக்கொண்டு வழி கண்டுபிடித்துவிடுகிறது. செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் நான்காவது தானே முளைக்கும். இதைப் பேய் விசை என்பார்கள். ஒவ்வொரு விசையோடும் ஒரு டையோடைச் சேர்த்தால் பேய் ஓடிவிடும். நம் சிறு கருவிக்கு அது வேண்டியதில்லை.

பெரிய விசைப்பலகைகளிலும் இதே அணிதான். ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கணிப்பொறியின் விசைப்பலகைக்குள் ஓர் 8048 சில்லு உட்கார்ந்து, ஓயாமல் நிரைகளையும் நிரல்களையும் சோதித்துக்கொண்டிருந்தது. விசையை அழுத்தும்போது ஓர் எண்ணையும், விடும்போது அதே எண்ணோடு 128-ஐக் கூட்டி மற்றோர் எண்ணையும் அனுப்பியது. விடுவதையும் ஏன் சொல்லவேண்டும்? அங்கேதான் நம் முதல் கோளாறு இருக்கிறது.

ஒரு தட்டல், நூறு ஐந்துகள்

நாம் ஒரு விசையைச் சட்டென்று தட்டினாலும் விரல் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி அதன்மேல் இருக்கும். நமக்கு அது ஒரு கணம். ஆனால் சில்லுக்கு அது 16 லட்சம் துடிப்புகள்! அதற்குள் அது பலகையை நூற்றுக்கணக்கான தடவை சோதித்துவிடும். ஒவ்வொரு தடவையும் 5 அழுத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு 5. பாவம், சில்லின்மேல் பிழையில்லை. அழுத்தியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னோம். இப்போதுதான் அழுத்தப்பட்டதா என்று கேட்கச் சொல்லவில்லை.

பரிகாரம் எளிது. சென்ற சோதனையில் என்ன நிலை என்பதை ஒரு நினைவிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்ற முறை விடப்பட்டிருந்து, இந்த முறை அழுத்தப்பட்டிருந்தால் மட்டுமே எழுத வேண்டும்.

அப்படித் திருத்திய பிறகும் 55 வந்ததே, அது ஏன்? ஓர் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டுப் பாருங்கள் (வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பல்ல). டங், டங், டங்டங் என்று பலமுறை துள்ளிய பிறகே அடங்கும். விசைக்குள் இருக்கும் தொடுமுனைகளும் மோதியவுடன் துள்ளுகின்றன. தொடும், விலகும், தொடும், விலகும். சில மில்லி விநாடிகளில் அடங்கிவிடும். நம் கண்ணுக்கும் காதுக்கும் இது தெரியாது. ஒரு மில்லி விநாடிக்குள் 16,000 துடிப்புகள் துடிக்கும் சில்லுக்கு நன்றாகத் தெரியும். விலகல் ஒவ்வொன்றும் விடப்பட்டதாகவும், தொடல் ஒவ்வொன்றும் புதிதாக அழுத்தப்பட்டதாகவும் அதற்குத் தோன்றுகிறது.

ஆகவே, மாற்றம் ஒன்று தெரிந்ததும் நம்பிவிடாமல் 20 மில்லி விநாடி பொறுத்து மறுபடியும் பார்க்கவேண்டும். அப்போதும் அதே நிலை இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 5 மில்லி விநாடிக்கு ஒரு தடவை பார்த்து, தொடர்ந்து நான்கு தடவை ஒரே விடை வந்தால் ஏற்பது இன்னும் நல்லது.

திரையோடு பேசுதல்

இனி திரைக்கு வருவோம். ஒரு வரிக்கு 16 எழுத்து வீதம் இரண்டு வரிகள் காட்டும் எல்.சி.டி. திரைதான் மாணவர்களுக்கு ஏற்றது. பெரும்பாலான இத்தகைய திரைகளின் முதுகில், ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1980-களில் வகுத்த 44780 என்ற சில்லோ, அதைப் பின்பற்றிச் செய்த சில்லோ இருக்கும். அதாவது, நம் சில்லு திரையின் புள்ளிகளோடு பேசுவதில்லை. திரையின் சில்லோடு பேசுகிறது. 65 என்ற எண்ணை அனுப்பினால், ஆங்கில நெடுங்கணக்கின் முதல் பெரிய எழுத்துக்கு எந்தெந்தப் புள்ளிகளைக் கறுப்பாக்க வேண்டும் என்பதை அந்தச் சில்லே தன் நிலை நினைவகத்தில் பார்த்துக்கொள்ளும்.

பேசுவதற்கு எட்டுத் தரவுக் கம்பிகள். அவற்றோடு, வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்ல ஒரு கம்பி. எடுத்துக்கொள் என்று தட்டிச் சொல்ல ஒரு கம்பி. விசைப்பலகைக்கு எட்டு, திரைக்குப் பத்து, ஆக 18 கால்கள். யூனோவில் மற்ற வேலைகளுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். இதற்காகவே நான்கு கம்பி முறை ஒன்று உண்டு. ஒரு பைட்டை இரண்டு பாதிகளாக்கி, மேற்பாதியை முதலிலும் கீழ்ப்பாதியை அடுத்தும் அனுப்பலாம். 5 என்ற எழுத்தின் எண் 53. இரும முறையில் அது 0011 0101. முதலில் 3, பிறகு 5 என்று இரண்டு தவணை. நேரம் இருமடங்கு ஆகும். கால்கள் 14 போதும்.

ஒரு நிமிடம்! 5 என்ற எழுத்தின் எண் 5 அல்லவா? இல்லை. எழுத்து வேறு, எண் வேறு. 0 என்ற எழுத்தின் எண் 48. ஆகவே 5 என்ற எழுத்தின் எண் 53. இதை மறந்தவர்கள் செய்த கூட்டல் இயந்திரத்தில் 60-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 65 வராது. ஆங்கில முதலெழுத்து வந்து சிரிக்கும். விசைகளிலிருந்து எண்ணைச் சேர்க்க வழி இது: பழைய மதிப்பைப் பத்தால் பெருக்கி, வந்த எழுத்தின் எண்ணிலிருந்து 48-ஐக் கழித்துக் கூட்டுங்கள். 2, பிறகு 5 தட்டினால் முதலில் 0 × 10 + 2 = 2; அடுத்து 2 × 10 + 5 = 25. திரையில் காட்டும்போது தலைகீழ் வேலை: பத்தால் வகுத்து மீதியோடு 48-ஐக் கூட்டுங்கள். இலக்கங்கள் வலமிருந்து இடமாக வரும். எனவே சேர்த்து வைத்துத் திருப்பி எழுதவேண்டும். இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். யூனோவில் சாதாரண முழு எண்ணின் உச்சம் 32,767. அங்கே 40,000 என்று தட்டினால் கருவி −25,536 என்று சொல்லும். விடை 65,536 குறைவாக இருக்கிறதே, ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்தப் பதினாறு கறுப்புக் கட்டங்கள். திரைக்கு மின்சாரம் வந்திருக்கிறது, ஆனால் யாரும் அதை எழுப்பவில்லை என்பதற்கு அடையாளம் அதுதான். திரைச் சில்லு மின்சாரம் பெற்றதும் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. 50 மில்லி விநாடி விட்டுவைத்தால் பாதுகாப்பு. என் புரோகிராம் அதற்கு முன்பே கட்டளைகளைக் கொட்டித் தீர்த்துவிட்டது, கேட்பாரில்லை. நான் இரவெல்லாம் கம்பிகளைக் கழற்றி மாட்டினேன், பற்றவைப்பைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரரைக்கூட மனத்துக்குள் வைதேன். கடைசியில் வழிகாட்டியது ஒரு சிறு குறிப்பு. அட்டையிலுள்ள மறுதொடக்கப் பொத்தானை அமுக்கினால் திரை சரியாக வேலை செய்தது! அப்போது திரைக்கு ஏற்கெனவே மின்சாரம் இருக்கிறது, அது விழித்திருக்கிறது, நம் புரோகிராம் மட்டும் புதிதாகத் தொடங்குகிறது. முதல் வரியில் ஒரு காத்திருப்பைச் சேர்த்தேன், தீர்ந்தது.

எழுப்பிய பிறகும் அந்தச் சில்லு நிதானக்காரர்தான். ஓர் எழுத்தை ஏற்க அதற்கு 37 மைக்ரோ விநாடி வேண்டும். திரை முழுவதையும் அழிக்கும் கட்டளைக்கு 1.52 மில்லி விநாடி வேண்டும். அழித்தவுடன் காத்திருக்காமல் எழுதினால் சொல்லின் தலை காணாமற் போகும்.

இடம் காட்டுவதும் சற்று விசித்திரம். திரையில் தெரிபவை 32 எழுத்துகள். உள்ளே நினைவிடங்கள் 80. முதல் வரி 0-இல் தொடங்குகிறது, இரண்டாம் வரி 64-இல். முதல் வரியில் 17-ஆவது எழுத்தை எழுதினால் அது கீழ்வரிக்கு வராது. கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் போய் ஒளிந்துகொள்ளும். இடத்தைக் குறிக்க 128-ஐக் கூட்டிக் கட்டளையாக அனுப்ப வேண்டும். இரண்டாம் வரியின் தொடக்கம் 128 + 64 = 192.

காத்திருக்கும்போது என்ன நடக்கிறது?

விசைக்கு 20 மில்லி விநாடி, திரைக்கு 2 மில்லி விநாடி என்று எங்கு பார்த்தாலும் காத்திருக்கச் சொன்னேன். காத்திரு என்ற ஆணையைக் கொடுத்தால் சில்லு என்ன செய்யும்? எண்ணிக்கொண்டு சும்மா நிற்கும். அந்த நேரத்தில் விரல் தட்டினாலும் அதற்குத் தெரியாது. விளையாட்டுக் கருவியில் இது பெரிய குறையல்ல. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

கனடாவில் செய்யப்பட்ட தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. அதை இயக்கியது மைக்ரோகண்ட்ரோலர் அல்ல, பி.டி.பி.-11 என்ற சற்றுப் பெரிய கணிப்பொறி. ஆனால் இயக்குபவர் முன்னால் இருந்தவை நம் கருவியில் உள்ளவையே: ஒரு விசைப்பலகை, ஓர் எழுத்துத் திரை. 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டைலர் நகரில் நடந்தது இது. எலெக்ட்ரான் கதிர் என்று தட்டவேண்டிய இடத்தில் பழக்கத்தால் எக்ஸ் கதிர் என்று தட்டப்பட்டது. உடனே கண்டுகொண்டு, மேல்நோக்கி நகர்ந்து, திருத்தி, வேகமாகக் கீழே வந்துவிட்டார் இயக்குபவர். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அதற்குள் புரோகிராமின் ஒரு பகுதி காந்தங்களை அமைக்கத் தொடங்கியிருந்தது. அந்த வேலைக்குச் சுமார் 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடிக்குள் செய்த திருத்தத்தை அது கவனிக்கவே இல்லை. எக்ஸ் கதிருக்கு வேண்டிய மிகப் பெரும் ஆற்றல், அதைத் தாங்கிக்கொள்ளும் தகடு இல்லாமல் நேராக நோயாளியின்மேல் பாய்ந்தது. திரையில் வந்தது "கோளாறு 54" என்ற ஒரு குறிப்பு மட்டுமே. அதன் பொருள் இயக்குபவருக்கு விளக்கப்பட்டிருக்கவில்லை. அங்கே பாதிக்கப்பட்ட இருவரும் இறந்தனர். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அந்த வகை இயந்திரங்களால் மொத்தம் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். முந்தைய மாதிரியான தெராக்-20-இல் தவறான அமைப்பில் கதிரைத் தடுத்து நிறுத்தும் தனிக் காப்புச் சுற்றுகள் இருந்தன. தெராக்-25-இல் அந்தப் பொறுப்பைப் புரோகிராமிடமே விட்டிருந்தார்கள். மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்கள் கண்ணில் இந்தப் பிழை படவில்லை. வேகமாகத் தட்டப் பழகிய கைகளிடம்தான் அது வெளிப்பட்டது.

ஆகவே நம் புரோகிராமை வேறு மாதிரி எழுதுவோம். சில்லுக்குள் மில்லி விநாடிகளை எண்ணும் ஒரு கடிகாரம் உண்டு. காத்திரு என்று சொல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சென்ற சோதனைக்குப் பின் 5 மில்லி விநாடி கடந்துவிட்டதா? ஆம் எனில் விசைப்பலகையைச் சோதி. இல்லையெனில் அடுத்த வேலைக்குப் போ. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்காமல், காய் நறுக்கிக்கொண்டே அவ்வப்போது எட்டிப்பார்க்கும் அம்மாவைப் போல. வந்த எழுத்துகளை ஒரு சிறு வரிசையில் சேர்த்து வைத்து, திரை தயாரானபோது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். ஐ.பி.எம். கணிப்பொறியில் அந்த வரிசையில் 15 எழுத்துகள் அடங்கும். நிரம்பிவிட்டால் பீப் என்று கத்தும். உங்கள் வரிசை நிரம்பினால் என்ன செய்யவேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் ஓசையில்லாமல் விழுங்கிவிட மட்டும் அனுமதிக்காதீர்கள்.

தமிழ் வருமா?

இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். திரைச் சில்லின் நிலை நினைவகத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன, பல திரைகளில் ஜப்பானிய எழுத்துகளும் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆனால் நாமே வரைந்துகொள்ள எட்டு எழுத்துகளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அகலம் 5 புள்ளி, உயரம் 8 புள்ளி. ஒரு வரியின் புள்ளிகளுக்கு இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்து, கறுப்பாக வேண்டியவற்றைக் கூட்டினால் அந்த வரியின் எண் கிடைக்கும்.

ப: 0, 0, 17, 17, 17, 17, 31, 0
ட: 0, 0, 16, 16, 16, 16, 31, 0
ம்: 4, 0, 23, 21, 21, 21, 31, 0

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதலில் இவற்றைப் புள்ளி வைத்துப் பாருங்கள். ம்-இன் தொடக்கத்தில் உள்ள 4 என்ன என்பது அப்போது விளங்கும். முதல் எழுத்துக்கு 72 என்ற கட்டளையை அனுப்பி எட்டு எண்களையும் எழுத்துகளாகவே அனுப்புங்கள். அடுத்ததற்கு 80, அதற்கடுத்து 88. (64-இலும் ஓர் இடம் உண்டு. அதன் எண் 0. சி மொழியில் 0 என்பது சொல் முடிந்தது என்பதற்கான அடையாளம். எனவே அதைத் தவிர்த்தேன்.) முடிந்ததும் 128 அனுப்பி முதல் வரிக்குத் திரும்புங்கள். மறந்தால் அடுத்து எழுதுவதெல்லாம் படம் வரையும் இடத்திற்கே போகும். இனி 1, 2, 3 என்று அனுப்பினால் திரையில் "படம்" வரும்.

எல்லா எழுத்தும் இப்படி வளைந்து கொடுக்காது. ப, ட, ம போன்றவை நேர்கோட்டுக் குடும்பம். ஐந்து புள்ளி அகலத்தில் ண-வை வரைய முயன்று பாருங்கள். மூன்று சுழிக்கு இடம் போதாது. இரண்டு கட்டங்களுக்குப் பரப்பலாமே என்றால், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே திரையில் புள்ளிகளே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. எழுத்து நடுவில் அறுந்து நிற்கும். அதனால்தான் தமிழ் காட்ட விரும்புவோர் 128-க்கு 64 புள்ளிகள் போன்ற படத்திரைகளுக்குப் போகிறார்கள். அங்கே கட்டமும் கிடையாது, ஆயத்த எழுத்தும் கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் உங்கள் பொறுப்பு.

அதற்கு முன் இந்தச் சிறு திரையில் ட் ஒன்றையும் வரைந்து "பட்டம்", "மட்டம்" எழுத முயலுங்கள். இரண்டாவது சொல்லுக்கு எத்தனை புதிய இடங்கள் வேண்டும் என்று முதலில் தாளில் எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.